பேனல் இன்டர்வியூ: எதிரே நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவது?

ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட, மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குரல் தாழ்ந்து, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவே முடியாது. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நான் பேனலில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். வேலையை நன்றாகச் செய்யக்கூடிய ஆட்கள் இப்படிக் கைநழுவிப் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒழுங்காக நடத்தப்படுகிற பேனலில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். அந்த வேலைக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு கேள்வி, அதற்கு நேராகக் குறிப்பு எழுத இடம், பக்கத்தில் பெரும்பாலும் 1 முதல் 5 வரை மார்க் போட ஒரு கட்டம். நீங்கள் பேசப் பேச அவர்கள் எழுதுகிறார்கள். நீங்கள் எழுந்து போனதும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க் போட்டுவிட்டு, அப்புறம் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். ஒருவர் 4 போட்டிருப்பார், இன்னொருவர் 2 போட்டிருப்பார். "ஏன் 4?" என்று கேள்வி வரும். அப்போது உங்களுக்காகப் பேசுகிறவர் தன் தாளைப் பார்த்து, நீங்கள் சொன்ன ஏதோ ஒன்றை எடுத்து வாசிக்க வேண்டும். வாசிக்க அதில் ஒன்றுமே இல்லையென்றால், உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த 4 இறங்கிவிடும்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே இதிலிருந்து தானாக வந்துவிடும். நீங்கள் அறையில் இல்லாத நேரத்தில்தான் முடிவு எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் சார்பாகப் பேச ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதுதான் உங்கள் வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேனல்காரர்கள் சிரிக்கவில்லை, ஒரே தொனியில் கேள்வியை வாசித்தார்கள், பதில் சொன்னதும் "நன்றி, அடுத்த கேள்வி" என்று போய்விட்டார்கள் என்றால் உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே அளவுகோல் என்று வேண்டுமென்றே அப்படி நடத்துகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி ஒழுங்குபடுத்தி நடத்துகிற நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கிற நேர்காணலைவிட ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் கணித்தது தெரிந்தது. 2022இல் பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோதும், ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் பட்டியலில் முதலிடத்தில் வந்தது. நாலு பேரை உட்கார வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மார்க் அள்ளிப் போடுகிற பழக்கம் மனிதர்களுக்கு இருக்கிறது என்று உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920லேயே எழுதிவிட்டார். ஒரே ஆளின் விருப்பு வெறுப்பில் முடிவு தொங்கக் கூடாது என்பதற்காகத்தான் பேனல். ஆக, அது உங்களுக்குச் சாதகமான ஏற்பாடு. ஒருவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனாலும் மீதி மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு போன் அல்லது ஒரு மெயில்

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்: பேனலில் எத்தனை பேர், அவர்கள் பெயர், பதவி என்ன, எவ்வளவு நேரம், இடையில் ஏதாவது எழுத்துத் தேர்வோ பிரசன்டேஷனோ உண்டா. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை, பெரும்பாலான இடங்களில் சொல்லிவிடுவார்கள். பெயர் சொல்ல முடியாது என்றாலும் எந்தெந்தப் பிரிவிலிருந்து வருகிறார்கள் என்றாவது சொல்வார்கள், அதுவே போதும்.

ஏன் போதும் என்றால், ஒவ்வொருவரும் உள்ளுக்குள் வேறு வேறு கவலையோடு வருகிறார்கள். உங்களுக்கு மேனேஜராக வரப்போகிறவருக்கு ஒரே கவலை: இந்த ஆள் வந்தால் என் பாரம் குறையுமா, இல்லை இவரையும் சேர்த்து நான் தூக்க வேண்டியிருக்குமா? துறை வல்லுநராக வருகிறவர், ரெஸ்யூமேயில் எழுதியிருப்பதை நிஜமாகவே இவர்தான் செய்தாரா, பக்கத்தில் இருந்து பார்த்தாரா என்று தோண்டுவார். எச்.ஆருக்கு, இவர் நிலைத்து இருப்பாரா, மற்றவர்களோடு ஒத்துப்போவாரா என்பது. வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால், அவர் உங்களோடு தினமும் வேலை செய்ய வேண்டியவராக இருப்பார். கேட்டதை நேரத்துக்குத் தருவாரா, தகராறு பண்ணுவாரா என்பதுதான் அவர் யோசனை. மேல்மட்டத்திலிருந்து ஒருவர் வந்தால், இரண்டு மூன்று வருடம் கழித்து இவரை எங்கே வைக்கலாம் என்று பார்ப்பார். இந்தக் கவலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், தயாரிப்பை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து வேலை அறிவிப்பு. அதைச் செய்தி மாதிரி வாசிக்கக் கூடாது, பேனாவை எடுத்துக்கொண்டு கோடு போட்டு வாசிக்க வேண்டும். கேள்விகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. "பல பிரிவுகளோடு ஒருங்கிணைந்து பணியாற்ற வேண்டும்" என்று இருந்தால், மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கட்டாயம் வேண்டும்" என்று ஒரு பட்டியலும் "இருந்தால் நல்லது" என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தால், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி முதல் பட்டியலுக்கே போகட்டும்.

அப்புறம் உங்கள் அனுபவத்திலிருந்து ஆறேழு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். நீங்களாகவே ஒரு சிக்கலைத் தீர்த்தது, கருத்து வேறுபாட்டைக் கையாண்டது, தவறு நடந்து சரிசெய்தது, நேரம் போதாதபோது எதை விடுவது என்று முடிவு செய்தது, புதிதாக ஒன்றை வேகமாகக் கற்றது, யாரையோ சம்மதிக்க வைத்தது. எல்லாம் ஒரே புராஜெக்டிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விக்கும் அதே கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னால், வேறு எதுவும் செய்ததில்லையோ என்று தோன்றும். முதல் வேலை தேடுகிறவர்களுக்கு, கல்லூரி புராஜெக்ட், பயிற்சிக் காலம், தன்னார்வ வேலை, வீட்டுப் பொறுப்பு எதிலிருந்து வேண்டுமானாலும் சம்பவம் எடுக்கலாம், தயங்க வேண்டியதில்லை.

சம்பவத்தை எப்படிச் சொல்வது

"ஸ்டார்" முறை என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள்: சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. நல்ல முறைதான். ஆனால் அளவு தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுக்கச் சூழலையே விவரித்துவிட்டு, செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மார்க் முழுவதும் மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. மொத்தப் பதில் இரண்டு நிமிடம் என்றால் சூழலுக்கு 20 வினாடி போதும். பாதிக்கு மேல் நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதற்குப் போக வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். கேள்வி: "வேலையில் ஒரு பிரச்சினையை நீங்களாகவே கண்டுபிடித்துச் சரிசெய்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்."

வழக்கமாக வருகிற பதில் இது: "எங்கள் டீமில் பில்லிங்கில் நிறையத் தவறு வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கடுமையாக உழைத்து அதைச் சரிசெய்தோம். மேனேஜர் ரொம்பவும் பாராட்டினார்."

இதைக் கேட்கிற பேனல்காரரின் பேனா நகரவே நகராது. என்ன தவறு, யார் கண்டுபிடித்தார், இவர் என்ன செய்தார், எதுவும் தெரியவில்லை. அதே ஆள் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற பில்களில் 30 போலத் தவறென்று திரும்பி வரும். அவற்றைத் திருத்தி அனுப்புவது என் பொறுப்பு. ஒரு கட்டத்தில் திருத்துவதை மட்டும் செய்துகொண்டிருந்தால் இது முடியவே முடியாது என்று பட்டது. மூன்று மாதத்துப் பில்களை எடுத்து வைத்து, எது எந்தக் காரணத்தால் திரும்பியது என்று பிரித்தேன். பாதிக்கு மேல் ஒரே காரணம்: விற்பனைப் பிரிவு கடைசி நேரத்தில் தள்ளுபடியை மாற்றுகிறார்கள், அந்தத் தகவல் எங்களுக்கு வருவதற்குள் பில் போய்விடுகிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு விற்பனைப் பிரிவுத் தலைவரிடம் போனேன். புதிதாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் என் ஆட்களுக்கு நேரம் இல்லை என்று மறுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் அவர்கள் ஏற்கெனவே நிரப்புகிற ஆர்டர் படிவத்திலேயே தள்ளுபடிக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம் என்றேன், ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு மாதத்தில் திரும்பி வருவது 30லிருந்து 8 ஆனது. மீதி 8 வேறு காரணங்களால் வருவது, அதை நான் முழுவதும் தீர்க்கவில்லை."

நிதானமாகப் பேசினால் இதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் எத்தனை பேருக்கு வேலை முடிந்திருக்கிறது பாருங்கள். மேனேஜர், "சொல்லாமலே பிரச்சினையைத் தேடிப் போகிறவர்" என்று எழுதிக்கொள்வார். வல்லுநர், காரணத்தைப் பிரித்துப் பார்த்த விதத்தைக் குறிப்பார். வேறு பிரிவிலிருந்து வந்தவர், "என் பிரிவின் கஷ்டத்தையும் யோசித்துத் தீர்வு சொல்கிறார்" என்று நிமிர்ந்து உட்காருவார். எச்.ஆர்., மறுப்பு வந்தபோது கோபப்படாமல் வழி தேடினார் என்று எழுதுவார். மீதி 8ஐத் தீர்க்கவில்லை என்று நீங்களே சொன்னதால், மற்ற எண்களையும் நம்புவார்கள். ஒரே கதைதான், நாலு தாளிலும் ஏறியிருக்கிறது.

"நாங்கள்" என்கிற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடக்கமாகப் பேச வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு "நான் செய்தேன்" என்று சொல்லவே வாய் வராது. ஆனால் பேனல் வேலைக்கு எடுக்கப்போவது உங்களை, உங்கள் பழைய டீமை அல்ல. டீமாகச் செய்ததை டீம் என்றே சொல்லுங்கள், அதற்குள் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். "டீமில் நாங்கள் ஐந்து பேர், தரவு சேகரித்தது மற்றவர்கள், அதை அலசி அறிக்கை எழுதியது நான்." இதில் தற்பெருமை எதுவும் இல்லை, தகவல் மட்டும்தான் இருக்கிறது.

கதைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொல் மட்டும் நினைவில் இருந்தால் போதும்: "30 பில், மூன்று மாதப் பட்டியல், தள்ளுபடி, படிவத்தில் கட்டம், 8". வாக்கியமாக மனப்பாடம் செய்தவர்கள், இடையில் யாராவது குறுக்கிட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். பேனலில் குறுக்கீடு வராமல் இருக்காது.

அறைக்குள்

அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயர்களைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துப் போய், மேசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கோடு இழுத்துப் பெயரை எழுதிக்கொள்ளலாம், "பெயர்களைக் குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டே செய்யலாம். ரெஸ்யூமே பிரதி ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி எடுத்துப் போங்கள், கூட ஒன்று இருக்கட்டும். யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் பேனலில் சேர்க்கப்பட்டு, உங்கள் ரெஸ்யூமேயையே பார்க்காமல் வந்திருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

யாரைப் பார்த்துப் பேசுவது? கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்குங்கள். ஒரு விஷயம் முடிந்து அடுத்த விஷயத்துக்குப் போகும்போது பார்வையை அடுத்தவரிடம் கொண்டு போங்கள், அவரிடம் ஒரு முழு வாக்கியமாவது சொல்லுங்கள். முடிக்கும்போது கேட்டவரிடம் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு வினாடியும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். தலையாட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடமே முழு நேரமும் பேசிவிடுவது எல்லோருக்கும் இயல்பாக வருகிற பழக்கம், அதைத்தான் கவனித்துத் தடுக்க வேண்டும். ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவர் குறிப்பெடுப்பவராகவும் இருக்கலாம், அங்கே இருப்பவர்களில் பெரிய பதவியில் இருக்கிறவராகவும் இருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவரும் உங்களைப் பற்றி ஒரு கருத்தோடுதான் எழுந்து போவார்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. பிறந்த கதை, பள்ளிக்கூடக் கதை வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், இந்த வேலைக்குச் சம்பந்தமாக இதுவரை செய்ததில் இரண்டு விஷயம், ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள். ஒன்றரை நிமிடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு பதிலை மட்டும் பல முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் பதற்றம் அதிகமாக இருக்கிற நேரம் அதுதான். தொடக்கம் தடையில்லாமல் வந்துவிட்டால் உடம்பே கொஞ்சம் தளர்ந்துவிடும்.

கேள்வி புரியவில்லையென்றால் கேளுங்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால், "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தோன்றும், அவர்கள் முந்தைய பதிலை எழுதி முடித்துக்கொண்டிருப்பார்கள். அதே மாதிரி, நீங்கள் பதில் சொல்லி முடித்த பிறகு அவர்கள் எதுவும் பேசாமல் தலை குனிந்திருந்தால், அந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் பேச ஆரம்பிக்காதீர்கள். நல்ல பதில் சொல்லி முடித்துவிட்டு, அமைதி தாங்காமல் மேலும் பேசிப் பேசி அதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. எழுதட்டும். தேவையென்றால், "இதில் இன்னும் விவரம் வேண்டுமா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

"அதான் ரெஸ்யூமேயில் இருக்கிறதே", "முதலிலேயே சொன்னேனே" என்கிற இரண்டையும் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல பேனல்களில் அந்த நேரத்தில், அந்தக் கேள்விக்கு நீங்கள் வாயால் சொன்னதற்கு மட்டும்தான் மார்க் போட முடியும். அதே நிறுவனத்துக்குள்ளேயே பதவி உயர்வுக்காகப் பேனல் முன் உட்காருகிறவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். "என்னைப் பத்து வருடமாகத் தெரியும், நான் என்ன செய்கிறேன் என்று இவருக்குத் தெரியாதா" என்று நினைத்து முக்கியமானதையே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தெரிந்திருந்தாலும் அவரால் அதை எழுத முடியாது. வெளியிலிருந்து வந்தவருக்குச் சொல்வது போலவே முழுவதும் சொல்லுங்கள்.

இக்கட்டான நேரங்கள்

நீங்கள் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே ஒரு கேள்வி போடுவார். தடுமாறாதீர்கள். சின்னக் கேள்வியாக இருந்தால் உடனே ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். பெரிதாக இருந்தால், "இதை முடித்துவிட்டு உடனே உங்கள் கேள்விக்கு வருகிறேன்" என்று சொல்லி நோட்டில் ஒரு சொல் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னபடி திரும்பி வருவதும் முக்கியம், மறந்துவிட்டால் அவர் மறக்க மாட்டார்.

பேனலில் இருக்கிற இரண்டு பேர் உங்கள் முன்னாலேயே கருத்து மாறுபடுவார்கள். ஒருவர் "வேகம்தான் முக்கியம்" என்பார், இன்னொருவர் "தரத்தை விட்டுக்கொடுக்க முடியாது" என்பார், பிறகு இருவருமே உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய பதவியில் இருப்பவர் பக்கம் சாய்ந்துவிடலாம் என்று தோன்றும். சாயாதீர்கள். எந்தச் சூழலில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நிபந்தனையோடு சொல்லுங்கள்: "திருத்திக்கொள்ளக்கூடிய தவறு என்றால் வேகத்துக்கு முன்னுரிமை தருவேன். வாடிக்கையாளரின் பணமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்டது என்றால் ஒரு நாள் தாமதமானாலும் சரிபார்த்துத்தான் அனுப்புவேன்." இருவருக்கும் மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, உங்களுக்கென்று ஒரு தீர்மானம் இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது.

ஒருவர் மட்டும் கடுகடுவென்று, சொன்னதையெல்லாம் சந்தேகப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால்? தோண்டித் தோண்டிக் கேட்பது பெரும்பாலும் உங்களுக்கு இன்னும் ஒரு மார்க் போட வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். குரலை உயர்த்தாமல், அவர் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவரைத் தவிர்த்து மற்றவர்களிடமே பேசினால் அது மற்ற மூன்று பேருக்கும் அப்பட்டமாகத் தெரியும். அவர் சொன்னதில் உண்மை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், பழைய சம்பவத்தில் நீங்கள் யோசிக்காத ஒரு கோணத்தை அவர் காட்டினால், "அதை அப்போது நான் பார்க்கவில்லை, இப்போது செய்தால் அதையும் சேர்ப்பேன்" என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரே ஆள் கேட்கிற நேர்காணலில் சமாளித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள், பேனலில் அது நடக்கவே நடக்காது. அந்தத் துறை தெரிந்த ஒருவர் அங்கே கண்டிப்பாக இருக்கிறார், அவர் ஒருவர் "இவர் அளக்கிறார்" என்று சொன்னால் மற்றவர்கள் அவர் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்பதோடு நிறுத்தாமல், "இதை நான் நேரடியாகச் செய்ததில்லை. இதற்கு நெருக்கமாக இன்னதைச் செய்திருக்கிறேன். இப்படி ஒன்று என் முன்னால் வந்தால் முதலில் இதைப் பார்ப்பேன்" என்று போங்கள்.

"இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்கிற கேள்விகளில் அவசரப்பட்டு முடிவுக்குத் தாவாதீர்கள். முதலில் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள், எதை முதலில் செய்வீர்கள், அதனால் எது தள்ளிப்போகும் என்று வரிசையாக வாய்விட்டு யோசியுங்கள். அவர்கள் பார்ப்பது முடிவை மட்டும் அல்ல, அங்கே போன வழியையும்தான்.

பிரசன்டேஷன் இருந்தால்: 10 நிமிடம் கொடுத்தால் 8 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், ஸ்லைடு திறக்காமல் போனாலும் பேச முடிகிற மாதிரி அச்சுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் பேனல் என்றால்

எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி திரையை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேசுகிறவர் மட்டும் பெரிதாகத் தெரிந்து மற்றவர்கள் இருப்பதே மறந்துவிடும். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்று வீடியோவில் யாருக்கும் தெரியாது, அதனால் பார்வை செய்கிற வேலையைப் பெயர் செய்ய வேண்டும்: முதல் வாக்கியத்தில் கேட்டவரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள், வேறொருவர் முன்னால் கேட்டதோடு தொடர்பு இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமான வரிகளைச் சொல்லும்போது கேமராவைப் பாருங்கள். ஒலி வந்துசேர ஒரு கணம் பிந்தும், அதனால் கேள்வி முடிந்த பிறகு ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். குறிப்புகளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம், ஆனால் சொல் சொல்லாகத்தான், பத்தியாக எழுதி வைத்தால் கண் வாசிப்பது அப்படியே தெரிந்துவிடும். இணைப்பு போனால் உடனே கூப்பிட எச்.ஆரின் எண் கையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய நேரம்

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். பேனலில் இது நல்ல சந்தர்ப்பம், ஏனென்றால் அதுவரை உங்களோடு அதிகம் பேசாதவரிடம் நீங்களே போய்ப் பேசலாம். மேனேஜரிடம், "இந்தப் பொறுப்பில் வருகிறவர் முதல் ஆறு மாதத்தில் எதை முடித்திருந்தால் நீங்கள் திருப்தியாக இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். வேறு பிரிவிலிருந்து வந்தவரிடம், "உங்கள் பிரிவுக்கும் இந்தப் பிரிவுக்கும் இடையில் இப்போது எந்த இடத்தில் சிக்கல் அதிகம் வருகிறது?" என்று கேளுங்கள். இரண்டு அல்லது மூன்று கேள்வி போதும். அவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். சம்பளம், விடுமுறை பற்றியெல்லாம் அவர்களாக எடுத்தால் தவிர இங்கே வேண்டாம், அதை எச்.ஆரோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பழகுவது எப்படி என்று கேட்பீர்கள். கண்ணாடி முன் பேசிப் பார்ப்பது பேனலுக்கு அவ்வளவாக உதவாது, அங்கே ஒரு முகம்தான் இருக்கிறது, அதுவும் உங்கள் முகம். நண்பர்களோ வீட்டில் இருப்பவர்களோ மூன்று பேரைப் பிடித்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, கேள்விகளை எழுதிக் கொடுத்து வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கடைசி வரை சிரிக்கக் கூடாது, ஒருவர் இடையில் குறுக்கிட வேண்டும், ஒருவர் நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் எழுதினவரின் தாளை வாங்கிப் பாருங்கள். நீங்கள் சொன்னதாக நினைத்ததில் எவ்வளவு அந்தத் தாளில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எந்தப் பதிலைச் சுருக்க வேண்டும், எதில் எண் சேர்க்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு தடவை போனில் பதிவு செய்தும் கேளுங்கள், வேகமும் தேவையில்லாத இழுவைச் சொற்களும் அதில் பிடிபடும்.

முடிந்து வெளியே வந்ததும்

வீடு போய்ச் சேரும் வரை காத்திருக்காமல், வெளியே வந்து உட்கார இடம் கிடைத்ததுமே கேட்ட கேள்விகளை எழுதி வையுங்கள், எதில் திணறினீர்கள் என்பதையும் சேர்த்து. அடுத்த சுற்று இருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தையே மறுபடி தொடுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ எச்.ஆருக்கு நாலு வரியில் நன்றி மெயில் அனுப்பி, பேனலில் இருந்தவர்களுக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். அங்கே பேசியதில் ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும், மறுபடியும் உங்கள் தகுதியைப் பட்டியல் போட வேண்டாம்.

வேலை கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், வருத்தம் கொஞ்சம் அடங்கின பிறகு எச்.ஆருக்கு எழுதி, எந்தத் தகுதியில் மார்க் குறைந்தது என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேனலில் நாலு பேர் எழுதி வைத்த தாள் இருக்கிறது, அதனால் கேட்டால் உருப்படியான பதில் வருவதற்கு மற்ற நேர்காணல்களைவிட இங்கே வாய்ப்பு அதிகம். "அனுபவம் போதவில்லை" என்று பொதுவாகப் பதில் வந்தால், எந்தக் கேள்வியில் அப்படித் தோன்றியது என்று இன்னொரு முறை பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல சமயம் அனுபவம் இருந்திருக்கும், அதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள், அந்தச் சம்பவத்தை எடுத்து அடுத்த பேனலுக்கான பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.